படக்கோப்பும் இறுவட்டும்

கணினியிற் குறைவின்றி ஓடும் படக்கோப்பொன்றை அவ்வாறே இறுவட்டிற் பதித்து, வீட்டிலுள்ள டிவிடி கருவியில் இடுங்கால் அஃது ஓடாதொழிதல் பலரும் கண்டதே. கருவி பழுதென்பர் சிலர். வட்டுப் போலியென்பர் சிலர். உண்மை பிறிது. கணினி பல்வகைக் கோப்புகளையும் வாசிக்க வல்லது. பழைய வீட்டுக்கருவியோ 1990களின் நடுப்பகுதியில் வகுக்கப்பட்ட நியமமொன்றினையே பெரிதும் பற்றி நிற்பது. அந்நியமத்தின்படி படம் எம்பெக்-2 முறையிற் சுருக்கப்படல் வேண்டும். இலங்கைத் தொலைக்காட்சியில் வழங்கிவந்த பி.ஏ.எல். முறைக்கு, 720 புள்ளி அகலமும் 576 புள்ளி உயரமுமுடைய சட்டகங்கள் செக்கனுக்கு 25 வீதம் அமைதல் வேண்டும்.

சுருக்குதல் எற்றுக்கு எனின், கணக்கே விடை கூறும். கணினியின் 0, 1 என்னும் குறிகளுள் ஒன்று பிற்று எனப்படும். எட்டுப் பிற்று ஒரு பைற்று. சாதாரண டிவிடி வட்டு 470 கோடி பைற்று, அஃதாவது 3,760 கோடி பிற்றுக் கொள்ளும். மேற்கூறிய படத்தைச் சுருக்காது எழுதின் செக்கனுக்கு 12 கோடிக்கு மேற்பட்ட பிற்று வேண்டும். வட்டு ஐந்து நிமிடத்தில் நிறைந்துவிடும்! எனவே எம்பெக்-2 ஒரு முழுச் சட்டகத்தை எழுதி, அடுத்து வருவனவற்றில் மாறியவற்றையே பெரும்பாலும் குறித்துச் செல்கின்றது. மணவறையில் அசையாதிருக்கும் மணமக்களைக் காட்டச் சிறிதளவே போதும். ஓமப்புகை எழும்போதும் அட்சதை பொழியும்போதும் புள்ளி ஒவ்வொன்றும் மாறுதலின் பெருஞ்செலவு நேரும்.

இரண்டு மணிநேரப் படத்திற்கு ஒலியும் உட்படச் செக்கனுக்கு 52 இலட்சம் பிற்றுக் கிடைக்கும். மூன்று மணிநேரமாயின் 35 இலட்சத்திற்குக் குறைவே. இவ்வளவில், தாலி கட்டும் வேளைதான் சதுரக் கட்டங்களாய்ச் சிதறித் தோன்றும். கழித்த நுண்மை வட்டிலிருந்து மீளக் கிடைப்பதன்று. மறைந்த மூத்தோரின் முகம் அப்படத்தில் மட்டுமே எஞ்சியிருக்கும் குடும்பங்கள் பல. முழுவதையும் ஒரே வட்டில் அடக்கித் தருவதாகப் பெருமை பேசும் கடைக்காரருக்கு அவ்விழப்புத் தெரியாது. இரு வட்டுகளாகப் பிரித்தலே தக்கது. முதன்முறை படம் முழுவதையும் ஆராய்ந்து, இரண்டாம் முறை தேவைக்கேற்பப் பிற்றைப் பங்கிடும் முறையும் உண்டு. நேரம் இருமடங்காயினும் அதுவே கொள்ளத்தக்கது.

பதித்தல் எளிது. வட்டினுள் உள்ள சாயப்படலத்தைச் சிவப்பு லேசர் சுட்டு அடையாளமிடுகின்றது. பதிவை இறுதியில் முடித்து மூடாவிடின் பல கருவிகள் வட்டினை அறியா. அச்சாயம் வெயிலாலும் வெப்பத்தாலும் நாளடைவிற் கெடும். காகிதச் சீட்டு ஒட்டின் சுழற்சியின் சமநிலை குலையும். ஆதலின் மூலக்கோப்பினை அழியாது பிறிதோரிடத்தும் வைத்தே வட்டினைப் பிறர்க்கு அளித்தல் வேண்டும்.