பெரிய கெளுத்தி இருக்கும் தொட்டிக்கு எந்தச் செடி?

கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் மீன் தொட்டி வைக்கும் பழக்கம் நம் வணிகர்களிடையே புதிதல்ல. வாஸ்து என்பார் சிலர். தாயாரோடு கடைக்கு வரும் குழந்தை தொட்டி முன்னால் நின்றுவிட்டால் தாயார் இன்னும் இரண்டு சாமான் சேர்த்து வாங்குவார் என்பார் வேறு சிலர். எந்தக் காரணமானாலும் சரி. தங்கமீனும் கப்பியும் இருந்த இடத்தில் இப்போது பெரிய மீன் வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பலசரக்கோடு பக்கவாட்டில் வண்ண மீனும் தொட்டிச் சாமானும் விற்கும் அன்பர்களிடம் ‘ரெட் டெயில்’ கெளுத்தி இருக்கிறதா என்று கேட்டு வருகிறார்கள். மீனை விற்ற கையோடு, ‘தொட்டி அழகாக இருக்க நாலு செடியும் கொடுங்கள்’ என்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் மீனைப் பற்றி. ரெட் டெயில் கெளுத்தி தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ நதிகளைச் சேர்ந்தது. கறுத்த முதுகு, பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை, சிவந்த வால், அகன்ற வாய், நீண்ட மீசை என்று பார்க்கக் கம்பீரமாக இருக்கும். கடைக்கு வரும்போது இரண்டு மூன்று அங்குலம். நன்றாகத் தீனி கிடைத்தால் முதல் வருடத்திலேயே ஓர் அடியைத் தொடும். முழு வளர்ச்சியில் மூன்றடிக்கு மேல் போகும். நான்கடி நீளமும் 40 கிலோவுக்கு மேல் எடையும் உள்ள மீன்கள் பிடிபட்டதாகப் பதிவுகள் உண்டு. தன் வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் இது விட்டு வைக்காது.

இந்த மீன் செடியைத் தின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இயற்கையில் மீன், நண்டு இவற்றோடு தண்ணீரில் விழும் பழங்களையும் இது தின்பதுண்டு. தொட்டியில் இலையைத் தேடித் தின்பதில்லை. ஆனால் இரவில் நடமாடும் மீன் அல்லவா? விளக்கை அணைத்ததும் அடித்தரையோடு உடம்பை உரசிக்கொண்டு சுற்றும். வாலை ஒரு முறை வீசினால் மணலில் ஊன்றிய செடி வேரோடு மேலே வந்துவிடும். காலையில் கடையைத் திறந்தால் தொட்டி முழுவதும் செடி மிதக்கும். பில்டர் வாய் அடைத்திருக்கும். வாங்கியவர் நேராக நம் கடைக்குத்தான் வருவார்.

ஆகவே இப்படிப்பட்ட தொட்டிக்கு மண்ணை நம்பாத செடிதான் வேண்டும். அதில் முதலிடம் அனுபியாஸுக்கு. ஆப்பிரிக்கச் செடி, தோல் போன்ற தடித்த இலை. குறைந்த வெளிச்சமே போதும். கெளுத்திக்கும் அதிக வெளிச்சம் பிடிக்காது என்பதால் இரண்டும் ஒத்துப்போகும். இதன் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லின் மேலோ மரக்கட்டையின் மேலோ வைத்து நைலான் நூலால் கட்ட வேண்டும். சில வாரங்களில் வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஜாவா பெர்ன் எனப்படும் தென்கிழக்கு ஆசியப் பெரணியும் இதே ரகம்தான். அதன் இலையடியில் கறுப்புப் புள்ளிகள் வந்தால் நோய் என்று வாடிக்கையாளர் பயப்படுவார். அவை வித்துப் பைகள் என்று சொல்லி அனுப்பினால் போதும். கடும் கோடையில் தொட்டி நீர் மிகச் சூடானால் ஜாவா பெர்ன் சற்றுத் தளரும், அனுபியாஸ் தாங்கும். இரண்டில் ஒன்றுதான் சரக்கு வைக்க முடியும் என்றால் எங்கள் ஓட்டு அனுபியாஸுக்கே.

இனிச் சொல்வதை விற்பவர்கள் மிகவும் கவனிக்க வேண்டும். இந்தக் கெளுத்தி கூழாங்கல், பிளாஸ்டிக் துண்டு, ரப்பர் உறிஞ்சி என்று எதையும் விழுங்கிப் பார்க்கும். சிறு கல்லில் கட்டிய செடியை அழகாக இருக்கிறது என்று விற்றால், கல்லும் செடியும் சேர்ந்து மீனின் வயிற்றுக்குள் போகலாம். கட்டும் கல் மீனின் தலையை விடப் பெரிதாக இருக்க வேண்டும். இன்றைய தலையை மட்டும் பார்க்காமல், ஆறு மாதம் கழித்து இருக்கப்போகும் தலையைக் கணக்கில் கொள்ளுங்கள். அதேபோல், கட்டுக் கட்டாக வரும் செடிகளின் அடியில் ஈயப் பட்டை சுற்றியிருக்கும். சில செடிகள் சிறு பிளாஸ்டிக் கூடையில் பஞ்சோடு வரும். பட்டையையும் கூடையையும் பஞ்சையும் நீக்காமல் இந்தத் தொட்டிக்குச் செடி கொடுக்கவே கூடாது. ஹீட்டர் வைத்தால் அதற்கு உறை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் பகுதி வெயிலுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

ரிப்பன் போல நீளும் வாலிஸ்நேரியா நம் ஏரிகளிலும் வளரும் செடி. விலை மலிவு, உப்புத் தண்ணீரையும் ஓரளவு பொறுக்கும். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருப்பது நமக்குத் தெரிந்ததே. அங்கே போர் தண்ணீரில் தொட்டி வைப்பவர்களுக்கு இந்தச் செடி கைகொடுக்கும். ஆனால் தரையில் நடாதீர்கள். கனமான மண் சட்டியில் நட்டு, வாய்ப்பகுதியைப் பெரிய ஆற்றுக் கற்களால் மூடித் தொட்டி மூலையில் வைக்க வேண்டும். மீன் ஓர் அடியைத் தாண்டும் வரை இந்த ஏற்பாடு ஓடும். அதற்கு மேல் சட்டியையும் உருட்டிவிடும்.

நீர்ப்பிரமி, கபோம்பா, லுட்விஜியா போன்ற மெல்லிய தண்டுச் செடிகள் சின்ன மீன் தொட்டிக்கு அருமையானவை. பெரிய கெளுத்திக்கு ஒரே இரவில் துண்டு துண்டாகிவிடும். விற்க வேண்டாம் என்றே சொல்வோம். நான்கு கட்டு செடி விற்ற லாபத்தைவிட ஒரு வாடிக்கையாளரின் மனக்கசப்பு நமக்கு அதிக நஷ்டம்.

எல்லாவற்றிலும் சிறந்த யோசனை மிகச் சாதாரணமானது: மணி பிளான்ட். கொடியைத் தொட்டிக்கு வெளியே விட்டு, வேரை மட்டும் மேல் விளிம்பு வழியாகவோ பில்டர் பெட்டியிலோ தண்ணீரில் தொங்கவிட்டால் போதும். பெரிய மீனுக்கு நிறையத் தீனி, நிறையக் கழிவு. அந்தக் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டை இந்த வேர்கள் இழுத்துக்கொள்ளும். கடையில் பச்சைக் கொடி படர்ந்திருப்பதும் கண்ணுக்கு அழகுதான். அதற்காகச் செடி இருக்கிறது, தண்ணீர் மாற்ற வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீங்கிய பிறகே ஊற்ற வேண்டும். மிதக்கும் செடி கேட்பவர்களுக்கு வெங்காயத்தாமரையைக் கொடுக்காதீர்கள். நம் ஏரிகளை மூடிக்கொண்டிருப்பதே போதும்.

கொள்முதலைப் பொறுத்தவரை நமக்குக் கொளத்தூர்தான் பெரிய சந்தை. செடியைக் காலையில் வாங்கி, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, நிழலில் கொண்டுவர வேண்டும். ஜி.என்.டி. சாலையில் வெயிலில் வண்டியின் பின்புறம் கட்டி வந்த செடி, பார்க்கப் பச்சையாக இருந்தாலும் மூன்றாம் நாள் கரையத் தொடங்கும். வந்தவுடன் இளஞ்சிவப்பு நிறமாகக் கரைத்த பொட்டாசியம் பர்மாங்கனேட் நீரில் பத்து நிமிடம் முக்கி அலசினால் நத்தைத் தொல்லை பெரிதும் குறையும்.

இப்போது செடியை விடப் பெரிய விஷயம். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 450 லிட்டர் பிடிக்கும். தண்ணீரின் எடை மட்டுமே 450 கிலோ, அதாவது 50 கிலோ அரிசி மூட்டை ஒன்பது. மாடியில் வைக்கலாமா என்பதை வாங்குபவரே யோசிக்கட்டும். இவ்வளவு பெரிய தொட்டியும் ரெட் டெயிலுக்கு ஒரு வருடத்துக்கு மேல் காணாது. பிறகு சிமென்ட் தொட்டிதான். அதற்கு வசதி இல்லாதவர் என்ன செய்வார்? பையில் போட்டுக்கொண்டு போய் ஏரியில் விடுவார்.

நம்மைச் சுற்றி என்ன ஏரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், 2020-ல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை. எல்லாம் சென்னைக்குக் குடிநீர் தருபவை. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்ற சக்கர் மீன் இப்படி வெளியே போய்த்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகியது. அதன் முள்ளோடு கூடிய தடித்த ஓடு மீனவர் வலையைக் கிழிக்கிறது, சந்தையில் அதை வாங்க ஆளில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. அதன் வெள்ளைக் குஞ்சு வண்ண மீன் என்ற பெயரில் வந்தாலும் நம் அன்பர்கள் தொடக் கூடாது.

ரெட் டெயில் கேட்டு வருபவரிடம் முதலில் தொட்டி அளவைக் கேளுங்கள். மூன்றடித் தொட்டி என்றால் கோரிடோராஸ் போன்ற சின்னக் கெளுத்திகளைக் காட்டுங்கள். இரண்டு மூன்று அங்குலத்தோடு நின்றுவிடும், கூட்டமாக இருக்கும், செடியைப் பிடுங்காது. அந்தத் தொட்டிக்கு நீங்கள் நீர்ப்பிரமியும் விற்கலாம், வாலிஸ்நேரியாவும் விற்கலாம். பெரிய மீனே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு, வளர்ந்தபின் வைக்க முடியாவிட்டால் ஏரியில் விடாமல் கடைக்கே கொண்டுவாருங்கள் என்று பில்லின் பின்புறம் எழுதிக் கொடுங்கள். திரும்ப வரும் மீனை எடுத்துக்கொள்ள சிமென்ட் தொட்டி வைத்திருக்கும் பண்ணைக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நம் பொறுப்பு.