அணிலாரின் பாங்கி

அணில் என்றால் தமிழ்நாட்டில் யாருக்குத்தான் பிரியமில்லை? முதுகில் மூன்று கோடுகளுடன் கொய்யா மரத்தில் தலைகீழாகத் தொங்கி, பழத்தில் பாதியைத் தின்றுவிட்டு மறுபாதியை நமக்கு மிச்சம் வைத்துப் போகும் அந்தச் சின்னஞ்சிறு பிராணியின்மீது கல்லெறியக் குழந்தைகளுக்குக்கூட மனம் வருவதில்லை. அந்தக் கோடுகள் ஸ்ரீராமபிரானின் விரல் பட்ட அடையாளம் என்று பாட்டிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, "அணில் கடித்த பழந்தான் ருசி" என்று நாமும் சமாதானம் சொல்லிக் கொள்கிறோம்.

ஆனால் கடல் கடந்து நியூ ஜெர்ஸியிலும் லண்டனிலும் குடித்தனம் செய்யும் நம் பிள்ளைகளையும் பெண்களையும் கேட்டுப் பாருங்கள். வேறு கதை சொல்வார்கள். அங்கே வீட்டுக்கு முன்னும் பின்னும் புல்தரை உண்டு. விதை தூவி, நீர் விட்டு, வாரந்தோறும் யந்திரத்தால் வெட்டி, பச்சை ஜமக்காளம் விரித்தாற்போல் அதை வைத்துக் கொள்வது கௌரவமான காரியம். இலையுதிர் காலத்தில் ஒருநாள் காலை கதவைத் திறந்தால், அந்த ஜமக்காளத்தில் அங்கங்கே குழிகள்! போன வாரம் நட்ட பூங்கிழங்குகளையும் காணோம்! "இந்த அணில்களை ஒழிக்க வழியே இல்லையா?" என்ற கேள்வி அப்போது பிறக்கிறது. அதற்கு விடை தேடுமுன், அணில் எதற்காகத் தோண்டுகிறது என்று தெரிந்து கொள்வது நலம்.

அந்த அணில் நம் வீட்டு அணில் அன்று. சாம்பல் அணில் என்று பெயர். சுமார் அரைக் கிலோ எடை. அடர்ந்த பெரிய வால். முதுகில் கோடு கிடையாது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள காடுகளே அதன் தாயகம். அங்கே ஓக் மரங்கள் இலையுதிர் காலத்தில் கொட்டைகளைச் சொரிகின்றன. பிறகு மாதக்கணக்கில் பனி. சில பிராணிகள் குளிர்காலம் முழுவதும் தூங்கியே கழித்துவிடுகின்றன. சாம்பல் அணிலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பனியிலும் அது விழித்திருக்க வேண்டும். விழித்திருப்பவனுக்குப் பசி உண்டு அல்லவா?

ஆகவே அது சேமிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பொந்தில் குவித்தால் ஒரு திருடன் வந்து ஒரே நாளில் ஓட்டாண்டியாக்கி விடுவான். அதனால் ஒரு குழிக்கு ஒரு கொட்டை என்ற கணக்கில், இரண்டொரு அங்குல ஆழத்தில், ஊரெங்கும் புதைத்து வைக்கிறது. நாம் புல்தரை என்று நினைப்பது அணிலாருக்குப் பாங்கி. இலையுதிர் காலத்துக் குழி பணம் கட்டிய குழி. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தோன்றுவது பணம் எடுத்த குழி.

இந்தப் பாங்கியின் நிர்வாகம் வெகு சாமர்த்தியமானது. லூஸியா ஜேக்கப்ஸ், எமிலி லைமன் என்ற இருவர் 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அணில்கள் வெறும் மோப்பத்தால் மட்டும் கொட்டையைக் கண்டுபிடிப்பதில்லை என்றும், தாங்கள் புதைத்த இடத்தைப் பல நாட்கள் கழித்தும் நினைவில் வைத்திருக்கின்றன என்றும் காட்டினார்கள். வெள்ளை ஓக்கின் கொட்டை விழுந்த உடனேயே முளைவிடும் சுபாவமுள்ளது. முளைத்தால் முதல் போயிற்று. எனவே அதன் முளைக்கருவைப் பல்லால் கிள்ளி எறிந்துவிட்டுப் புதைப்பதும் உண்டு. சிவப்பு ஓக்கின் கொட்டை வசந்தம் வரை உறங்கும். அதை அப்படியே புதைக்கிறது. வேறு அணில் பார்த்துக் கொண்டிருந்தால், குழி தோண்டி ஒன்றும் போடாமலே மூடிவிட்டு நகர்ந்துவிடும் பாசாங்கையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள்!

நகரத்துக்குள் இந்தப் பிராணி தானாக வந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். பிலடெல்பியா நகரத்துச் சதுக்கம் ஒன்றில் 1847-லும், நியூ யார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 1877-லும், அழகுக்காக மனிதர்களே அணில்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கிலாந்தில், செஷயர் மாகாணத்து ஹென்பரி பூங்காவில் 1876-இல் அமெரிக்க அணில்கள் விடப்பட்டன. பிறகு பிரபுக்கள் பலர் இதை ஒரு நாகரிகமாகவே பின்பற்றினார்கள். விளைவு என்ன? அந்நாட்டுக்கே உரிய செவ்வணில் தன் சொந்தக் காடுகளை இழந்தது. சாம்பல் அணிலை அவ்வளவாகப் பாதிக்காத ஓர் அம்மை நோய், செவ்வணிலைக் கொன்றுவிடுகிறது. 1937-இல் சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதையும் வைத்திருப்பதையும் சட்டம் தடுத்தது. 1950-களில் வாலுக்கு ஒரு ஷில்லிங் வீதம் சர்க்கார் வெகுமதி கொடுத்தும் பார்த்தது. வால்கள் வந்து குவிந்தன, அணில்கள் குறையவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. செவ்வணிலைக் காப்பது வனத்துறையினரும் விஞ்ஞானிகளும் கவனிக்க வேண்டிய பெரிய காரியம். புல்தரையில் நாலு குழி விழுந்ததற்கு வீட்டுக்காரர் ஆயுதம் எடுப்பதால் அந்தக் காரியம் நடந்துவிடாது.

கூண்டு வைத்துப் பிடித்து, தூரத்துக் காட்டில் விட்டுவிடலாமே என்று இரக்கமுள்ளவர்கள் யோசனை சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் இப்படி இடம் மாற்றப்பட்ட 38 அணில்களைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சியொன்று 2004-இல் வெளியாயிற்று. 88 நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லாமே இறந்துவிட்டன, அல்லது காணாமற் போயின. புதிய இடத்தில் அவற்றுக்கு வீடும் இல்லை, பாங்கிக் கணக்கும் இல்லை. பிடிபட்டது தாயாக இருந்தால், பால் குடிக்கும் குட்டிகள் கூட்டிலேயே பட்டினி கிடந்து மடியும். இங்கிலாந்திலோ, பிடித்த சாம்பல் அணிலை மறுபடி வெளியே விடுவதே சட்டப்படி குற்றம்.

பின் என்னதான் செய்வது? முதலில் குற்றவாளி யார் என்று விசாரிக்க வேண்டும். அணில் பகலில் வேலை செய்வது. அதன் குழி சிறியது, இரண்டு அங்குல அகலத்துக்குள் அடங்கும். இரவோடு இரவாகப் புல்லே பாய்போலப் புரட்டப்பட்டிருந்தால், மண்ணுக்குள் இருக்கும் வண்டுப் புழுவைத் தேடி வேறு பிராணி வந்திருக்கிறது என்று அர்த்தம்: அமெரிக்காவில் ரக்கூன் அல்லது ஸ்கங்க், இங்கிலாந்தில் பாட்ஜர். அங்கே கவனிக்க வேண்டியது புழுவை.

அணில்தான் என்று உறுதியானால், விழுந்த கொட்டைகளை அன்றாடம் வாரி அப்புறப்படுத்துங்கள். பறவைகளுக்கு வைக்கும் தானியம் தரையில் சிந்தாமல் பார்த்துக் கொள்ளுங்கள். புதிதாகக் கிளறிய இளமண் அணிலை வாவென்று அழைக்கும். ஆகையால் பூங்கிழங்கு நட்டவுடன் மண்ணை நன்றாக அழுத்தி, கோழிக் கூண்டுக்கு உபயோகிக்கும் கம்பி வலையை அதன்மேல் விரித்து, ஓரங்களில் முளையடித்து விடுங்கள். குருத்து வலைக்கண் வழியாக மேலே வரும். அணிலின் கை கீழே போகாது. டூலிப், குரோக்கஸ் கிழங்குகள் அதற்கு விருந்து. டாஃபடில் கிழங்கோ நஞ்சுள்ளது, அதை அணில் தொடுவதில்லை.

"மிளகாய்ப் பொடி தூவினால் என்ன?" என்று நம் வீட்டுப் பெண்மணிகள் கேட்பார்கள். அணிலுக்குக் காரம் உறைக்கும், பறவைக்கு உறைக்காது. ஆனால் ஒரு மழையில் பொடி கரைந்து போகும். அணிலின் கண்ணிலோ விளையாடும் குழந்தையின் கண்ணிலோ பட்டால் வீண் வேதனை. அந்துருண்டையைப் போடவே கூடாது; அது மண்ணுக்கும் குழந்தைக்கும் விஷம்.

விழுந்துவிட்ட குழிக்கு வைத்தியம் எளிது: ஒரு பிடி மண், நாலு புல் விதை, கொஞ்சம் தண்ணீர். சில வாரங்களில் வடு தெரியாது.

அணிலார் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் எல்லாக் கணக்கையும் முடிப்பதில்லை. சில கொட்டைகளை மறந்துவிடுகிறார். சிலவற்றை எடுக்குமுன் தாமே போய்விடுகிறார். மண்ணில் தங்கிய அந்த முதல்தான் வசந்தத்தில் ஓக் கன்றாக முளைக்கிறது. தாய் மரத்தின் நிழலுக்கு அப்பால் ஓக் காடு பரவுவதற்கு இப்படிப் புதைக்கும் பிராணிகளும் பறவைகளுமே பெரும் துணை. புல்தரையின் வடு ஒரு மாதத்தில் மறையும். அந்தக் கன்று பிழைத்தால் நூறு, இருநூறு வருஷம் நின்று நிழல் தரும். குழியைப் பார்த்துக் கோபம் வரும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நியாயம்.