மின்மாற்றி இரைந்தால் எங்கே முறையிடுவது?

ட்ரான்ஸ்போமர் இரைகிறது என்று மின்சார அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பார்கள். "பார்க்கிறம்" என்ற பதிலோடு சரி. பிறகு அயலுக்குள் கதைத்துக் கோபப்படுவார்கள், எழுத்தில் எதுவும் இருக்காது. யாழ். குடாநாட்டில் இந்த முறைப்பாடுகள் செத்துப்போவது இப்படித்தான். சுன்னாகத்தில் கிணற்றுநீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் உயர் நீதிமன்றம் 2019இல் 2 கோடி ரூபாய் நட்டஈடு விதித்தபோது, நீர்ப் பரிசோதனை அறிக்கைகள் முன்னால் இருந்தன. இரைச்சலுக்கு அப்படி ஒரு துண்டுக் கடதாசிகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை.

மின்மாற்றியின் இரும்பு அகணி, 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தில் செக்கனுக்கு 100 தடவை நுண்ணளவில் நீண்டு சுருங்குகிறது. அந்த அதிர்வுதான் ரீங்காரம். காந்தப்புலம், அதிர்வு, ஒலி மூன்றையும் கணினியில் கணித்துப் பார்த்து, அகணியின் காந்தப்பாய அடர்த்தியைக் குறைப்பது தொழிற்சாலையிலேயே நடக்கவேண்டிய வேலை. கம்பத்தில் ஏற்றியபின் ஒன்றும் செய்யேலாது என்று அலுவலர் சொன்னால் நம்பிவிட வேண்டாம். தளர்ந்த ஆணிகளை இறுக்கலாம். வோல்ட்டளவு கூடினால் அகணி நிரம்பலுக்குப் போய் இரைச்சல் ஏறும். அப்போது மின்மாற்றியில் வோல்ட்டளவைத் தெரிவுசெய்யும் 'டப்' இணைப்பை மாற்றி அதை இறக்கலாம். 230 வோல்ட்டிலிருந்து 6 சதவீதம், அதாவது 243.8 வரைதான் ஏற விதி இடம்தருகிறது. கூரைச் சோலர் நிறைந்த ஒழுங்கையில் நண்பகலிலும், பாவனை குறைந்த நள்ளிரவிலும் வீட்டுக்குள் மின்னியலாளரைக் கொண்டு வோல்ட்டளவை அளப்பித்து, திகதி நேரத்தோடு எழுதி வையுங்கள். மின்மாற்றிக்குக் கிட்டப் போகவேண்டாம். மதில் கட்டினாலும் பெரிய பயனில்லை. 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர், அது மதிலை வளைந்து வந்துவிடும்.

அந்த வோல்ட்டளவுக் குறிப்பை இணைத்து, கம்பத்தின் இலக்கத்தையும் எழுதி, பிரதேச மின் பொறியியலாளருக்குக் கடிதம் கொடுங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் திகதி முத்திரை வாங்காமல் படியிறங்க வேண்டாம். பதில் வராவிட்டால் அதே பிரதியுடன் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். ஒலியை அளக்கும்படி பிரதேச செயலகத்திலுள்ள சுற்றாடல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி இரவில் பிரதேச சபைப் பகுதியில் 45 டெசிபெல், மாநகர, நகர சபைப் பகுதியில் 50 என்பதே எல்லை. பகலில் வந்து அளந்துவிட்டுப் போவதை ஏற்கவேண்டாம், இரவில் அளக்கச் சொல்லுங்கள்.

"எல்லைக்குள்தானே இருக்கிறது" என்று அப்போதும் சொல்லக்கூடும். வழக்கமான 'ஏ' அளவீடு 100 ஹேர்ட்ஸ் ஒலியில் 19 டெசிபெல்லைக் கழித்தே காட்டும். ஆகவே தாழ்ந்த ஒலியை அப்படிக் கழிக்காத 'சி' அளவீட்டையும் பதியக் கோருங்கள். மேலும், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவில் பொதுத் தொல்லை என்று நீதவானிடம் போக டெசிபெல் எல்லை ஒரு நிபந்தனையல்ல. ஆனால் பலர் சேர்ந்து, முத்திரையிட்ட பிரதிகளோடு போகவேண்டும். ரீங்காரம் படபடப்பாக மாறினாலோ பொறி தெரிந்தாலோ கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்: விலகி நின்று உடனே 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள்.