உங்களுக்குத் தெரியுமா? யாரை யாரோடு ஒப்பிட்டீர்கள்?

ஆய்வேடு எழுதப் போகும் மாணவர்களுக்காக இந்த வாரத் துணுக்குகள்.

1747-இல் ‘சாலிஸ்பரி’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில், ஸ்கர்வி நோயால் ஈறு அழுகி, முழங்கால் தளர்ந்து கிடந்த 12 மாலுமிகளை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தவர்கள். ஒரே இடத்தில் படுக்கை, ஒரே சாப்பாடு. மருந்து மட்டும் ஜோடிக்கு ஜோடி வேறு. ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்நீர், ஒரு ஜோடிக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் பழம் தின்ற இருவரில் ஒருவர் வேலைக்குத் தயார். மற்றவர் பாக்கி நோயாளிகளைக் கவனிக்க அமர்த்தப்பட்டார். அப்படியும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்கத் தொடங்கியது 1795-இல்தான்.

காசநோய் என்றால் சானடோரியம் (தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) என்றிருந்த வழக்கத்தை அசைத்தது நம் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் (இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு வீட்டிலேயே சிகிச்சை, பாதிப் பேருக்குச் சானடோரியத்தில். இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு அதே மாத்திரைகள். யார் எங்கே என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை, சமவாய்ப்பு முறை முடிவு செய்தது. மருத்துவரிடம் விட்டிருந்தால், நோய் முற்றியவரைச் சானடோரியத்துக்கு அனுப்பத்தான் அவர் மனம் சொல்லியிருக்கும். பிறகு இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரிந்தால், அது இடத்தால் வந்ததா நோயின் கடுமையால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலும் அரைவயிறும். ஆனாலும் 1959-இல் வெளிவந்த முடிவின்படி இரு தரப்பினரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்த வழி திறந்த ஆய்வு இது. தமிழ்நாட்டில் ஆய்வு முறையியல் பாடம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

மாதிரி பெரிதாக இருந்தால் போதுமா? 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ், யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டு ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதியது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46-ஐ வென்று. முகவரிகளில் பெரும்பாலானவை தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்தவை. போனும் காரும் இல்லாதவர்கள் கணக்கிலேயே வரவில்லை. சீட்டு வந்தும் பதில் போடாதவர்கள், பதில் போட்டவர்களைவிட அதிகம்.

பால் முதலில் ஊற்றினார்களா, டீ முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் எட்டுக் கோப்பைகளை வைத்து இதைச் சோதிக்கும் முறையை 1935-இல் வெளியான தன் நூலில் விளக்கினார். நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக அமைய 70-இல் ஒரு வாய்ப்பு. ஒரு ஜோடி மாறிப்போனாலும் பரவாயில்லை என்று விட்டால் அது 70-இல் 17 ஆகிவிடும், அதாவது ஏறக்குறைய கால்வாசி. அதில் யாரும் அசந்துபோக மாட்டார்கள். பி-மதிப்பு என்பது இந்தக் கணக்குத்தான்: வெறும் தற்செயல் என்று வைத்துக்கொண்டால், இப்படியோ இதைவிடத் தூக்கலாகவோ முடிவு வர எவ்வளவு வாய்ப்பு? 0.05 வந்தால் ‘என் கருதுகோள் 95 சதவீதம் உண்மை’ என்று வைவாவில் சொல்லிவிடாதீர்கள். அது வேறு கேள்விக்கான பதில்.

சிறிய மாதிரிகளுக்கு நாம் போடும் டி-சோதனையைத் தந்த ‘ஸ்டூடன்ட்’, டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். ஆண்டு 1908.

1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிக்குப் பிரம்மாண்டமான சோதனை தொடங்கியது. சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லா ஊசி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே விடை. எதிர்பார்த்தது கிடைக்கவில்லையே என்று அதை மூடி வைக்காமல் வெளியிட்டார்கள். அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை; 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடும். யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்த இடத்தில் நிரப்பிய கேள்வித்தாளை அது பிடிக்காது. அந்தக் குற்றம் பிறர் சொற்களை எடுப்பதைவிடப் பெரிது.

அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1940-களிலேயே பெனிசிலின் வந்துவிட்டது, கொடுக்கவில்லை. செய்தி பத்திரிகைக்கு வந்த பிறகுதான் நின்றது. ஆய்வில் பங்கேற்பவர்களைக் காக்கும் நெறிகளை வகுத்த 1979-இன் பெல்மாண்ட் அறிக்கை பிறந்தது இந்தக் கொடுமையின் பின்னணியில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலும் தகவலறிந்த ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது: பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் அவர் விலகிக்கொள்ளலாம். கிராமத்தில் உடல்நலக் கேள்வித்தாளோடு திண்ணையில் உட்காரும் மாணவருக்கும் இது பொருந்தும்.