மண்கோப்பையில் மூன்று பழம்

டெக்கீலாவை ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டு முகம் சுளிப்பவர்களை குவாதலஹாராவில் பார்த்தால், சுற்றுலா வந்தவர்கள் என்று ஊகித்துவிடலாம். வேலைக்காக மெக்சிகோவின் இந்த நகரத்துக்கு வந்த பிறகு நான் கவனித்தது, இங்குள்ளவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறார்கள். வெயில் ஏறினால் பழச்சாற்றில் கலக்கிறார்கள். அப்படிக் கலப்பதில் எனக்குப் பிடித்தது காந்தாரித்தோ. பக்கத்து வீட்டு அம்மா சொல்லிக்கொடுத்தது.

டெக்கீலா என்று ஓர் ஊரே இருக்கிறது. இங்கிருந்து வடமேற்கே சுமார் அறுபது கிலோமீட்டர். போகிற வழியெல்லாம் நீலச்சாம்பல் நிறத்தில் ஆகாவே வயல்கள். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நிலம் இது. ஆகாவே, நம்மூரில் வேலியோரம் நிற்கிற ஆனைக்கற்றாழைக்கு உறவுக்காரச் செடி. ஆறேழு வருஷம் வளரவிட்டு, மடல்களைச் சீவியெறிந்து, நடுவில் மிஞ்சும் பெரிய குருத்தை வேகவைத்துப் பிழிந்து, புளிக்கவைத்து வடிக்கிறார்கள்.

கடையில் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். முழுக்க ஆகாவேயில் செய்தது என்று போட்டிருக்க வேண்டும். போடவில்லையென்றால், புளிக்கவைத்த சர்க்கரையில் 49 சதவீதம் வரை கரும்பு போன்ற வேறு எதிலிருந்தாவது வந்திருக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது, நான் வாங்குவதில்லை. நிறமில்லாத பிளாங்கோ போதும். ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மரப்பீப்பாயில் கிடந்த அனெஹோவைப் பழச்சாற்றில் ஊற்றுவது பணத்துக்குப் பிடித்த கேடு.

காந்தாரித்தோவுக்குப் பழம் மூன்று: ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட், எலுமிச்சை. கிரேப்ஃப்ரூட் என்பது பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். அதன் கசப்புதான் இந்தப் பானத்துக்கு முதுகெலும்பு. எலுமிச்சையோ நம் வீட்டு எலுமிச்சையேதான், ஸ்பானியர்கள் கொண்டுவந்து இங்கே வேரூன்றியது. மூன்றையும் குடிக்கப் போகிற நேரத்தில்தான் பிழிய வேண்டும். காலையில் பிழிந்து குளிர்பெட்டியில் வைத்த சாற்றைப் பார்த்தால் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். "பழம் வெளியே காத்திருக்கட்டும், சாறு காத்திருக்காது, மகளே" என்பார்.

இதைக் கலக்கும் மண்கோப்பையை முதலில் தண்ணீரில் ஊறப் போடுங்கள். சுவரில் ஊறிய ஈரம் ஆவியாகும்போது பானைத் தண்ணீர் போலக் குளிர்ச்சி தங்கும். விளிம்பில் எலுமிச்சை தேய்த்து உப்பில் ஒற்றி, கோப்பை நிறைய ஐஸ்கட்டி. டெக்கீலா 60 மில்லி, ஆரஞ்சுச் சாறும் கிரேப்ஃப்ரூட் சாறும் தலா 45, எலுமிச்சைச் சாறு 15. உள்ளேயும் ஒரு சிட்டிகை உப்பு. அது கசப்பை அடக்கிப் பழத்தின் இனிப்பை மேலே கொண்டுவரும், விட்டுவிடாதீர்கள். கடைசியில் கிரேப்ஃப்ரூட் சோடா. அதிலேயே சர்க்கரை இருப்பதால் நான் பாதிதான் ஊற்றுவேன். தனியாகச் சர்க்கரை சேர்க்கவே வேண்டாம். சேர்த்தால் ஆகாவேயின் வாசம் போய், எந்தச் சாராயம் ஊற்றினாலும் ஒன்றுதான் என்றாகிவிடும்.

கொழுப்புக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளின் அளவை கிரேப்ஃப்ரூட் ரத்தத்தில் ஏற்றிவிடும், மதுவே சேர்க்காவிட்டாலும்கூட.

பேரப்பிள்ளைகள் வந்தால் அந்த அம்மா டெக்கீலாவை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே கலக்குவார். அவர்கள் கோப்பை விளிம்பில் உப்போடு மிளகாய்த்தூளும் உண்டு. எனக்கும் இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது, டெக்கீலாவோடு.