ஈயின் கால் ஏன் வழுக்குவதில்லை?

மாணவர்களே, பிரிஞ்சாங்கில் காலை நேரம் தேயிலைச் செடி ஒன்றைக் குனிந்து பாருங்கள். பனியில் நனைந்து பளபளக்கும் இலையின் அடிப்பக்கத்தில் சின்ன ஈ ஒன்று தலைகீழாக நடந்துகொண்டிருக்கலாம். காற்றடித்து இலை ஆடினாலும் அது விழாது.

ஈயின் ஒவ்வொரு கால் நுனியிலும் இரண்டு நகங்களும் இரண்டு மெத்தைகளும் உண்டு. சொரசொரப்பான மரப்பட்டைக்கு நகமே போதும். வழவழப்பான இலையில் மெத்தைதான் உதவுகிறது. மெத்தை நிறைய நுண்மயிர்கள். ஒவ்வொன்றின் முனையும் கரண்டிபோல் தட்டையாக இருக்கும். அங்கே கசியும் திரவம் மயிரை இலையோடு ஒட்டவைக்கிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

அந்தக் கரண்டியைச் செய்வது யார்? பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றும் பழ ஈயை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். கூட்டுப்புழுப் பருவத்தில் ஒரு செல் நீண்டு ஒரு மயிராகிறது. முதலில் செல்லுக்குள் ஆக்டின் என்ற புரத இழைகள் கட்டுக்கட்டாக நீள்கின்றன. பிறகு வெளியே கெட்டியான மேல்தோல் படிகிறது. குடைக்கம்பிகளை விரித்து அதன்மேல் துணி போர்த்துவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி கோணினால் குடை கோணும் அல்லவா? ஷேவனாய்ட் என்ற மரபணுவின் வேலையை அடக்கியபோது அதுதான் நடந்தது. கரண்டி வடிவம் சரியாக அமையவில்லை. ஈயின் பிடியும் தளர்ந்தது. மரபணு கெட்டால் என்ன ஆகிறதோ அதையே பெயராக வைப்பது ஈ ஆய்வாளர்களின் வழக்கம். ‘மழித்தது போன்ற’ என்பது இந்தப் பெயரின் பொருள்.

கேமரன் மலைக்கு இதில் என்ன இருக்கிறது? தேயிலையிலும் காய்கறியிலும் தெளிக்கும் பூச்சிமருந்து மழையோடு ஓடைக்கு இறங்குகிறது. பூச்சியைக் கொல்லாமல் அதன் பிடியை மட்டும் பறித்தால் செடியில் தங்க முடியாது என்பது ஆய்வாளர்களின் எண்ணம்.

இந்தத் தந்திரம் கெண்டிச் செடிக்கு எப்போதோ தெரியும். சுங்கை பாலாஸ் தோட்டத்தைத் தாண்டி, 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில் இச்செடிகளைக் காணலாம். ஹோல்கர் போன், வால்டர் ஃபெடர்லே இருவரும் போர்னியோவின் கெண்டிச் செடியொன்றை ஆராய்ந்து 2004இல் இதை விளக்கினர். கெண்டியின் விளிம்பு நனைந்ததும் அதன்மேல் தண்ணீர் படலமாகப் பரவுகிறது. மழைச்சாலையில் கார் டயர் வழுக்குவதுபோல் எறும்பின் கால் வழுக்குகிறது.

ஆனால் எறும்பின் மெத்தையில் மயிரே கிடையாது, வழவழப்பானது. தேனீக்கும் அப்படித்தான். அசுவினியைத் தின்று விவசாயிக்கு உதவும் பொறிவண்டுக்கோ மயிர்க்கால். மரபணுவை அடக்கும் மருந்து ஒன்று வந்தால், அது பொறிவண்டையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடக் கூடாது. ஒரே மரபணுவானாலும் அதன் எழுத்துவரிசை இனத்துக்கு இனம் சற்று மாறும். எதிரிப் பூச்சியிடம் மட்டும் உள்ள வரிசையைக் கண்டுபிடிப்பதுதான் இனி பாக்கியுள்ள கடினமான வேலை.