தானுந்து பேட்டரி மாற்றமும் எச்சரிக்கை விளக்குகளும்

தானுந்தின் பேட்டரியைக் கழற்றிப் புதிய ஒன்றைப் பொருத்திய பின்னர், ஓட்டுநருக்கு எதிரேயுள்ள முகப்புப் பலகையில் (டாஷ்போர்டு) ஒன்றோ பலவோ எச்சரிக்கை விளக்குகள் அணையாமல் எரிவது பரவலாகக் காணப்படும் ஒரு நிகழ்வாகும். இவ்விளக்குகளுள் பெரும்பாலானவை எந்த உறுப்பும் பழுதடைந்ததைக் குறிப்பதில்லை. மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் தானுந்தின் கட்டுப்பாட்டுக் கணினிகள் சில தகவல்களை இழந்துவிட்டன என்பதையே குறிக்கின்றன. ஆனால் அதே வேளையில் உண்மையான பழுதைக் காட்டும் விளக்கும் அவற்றோடு சேர்ந்து எரியக்கூடும். பேட்டரி மாற்றியதால்தான் எரிகிறது, சில நாளில் தானாகப் போய்விடும் என்று எல்லா விளக்குகளையும் ஒரே தட்டில் வைப்பது ஆபத்தானது.

பின்னணி

தானுந்துகளில் பொதுவாகப் பயன்படுவது 12 வோல்ட்டு ஈய-அமில பேட்டரி ஆகும். இதில் ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2.1 வோல்ட்டு தருவதால், முழு மின்னேற்றத்துடன் ஓய்விலுள்ள பேட்டரியின் மின்னழுத்தம் சுமார் 12.6 வோல்ட்டாக இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் எனப்படும் மின்னாக்கி மின்சாரம் வழங்குவதால் இது பொதுவாக 13.5 முதல் 14.7 வோல்ட்டு வரை உயரும்.

கார்புரேட்டர் பொருத்தப்பட்ட பழைய தானுந்துகளில் பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் நின்றுபோவதைத் தவிர வேறு விளைவு இருந்ததில்லை. இன்றைய தானுந்தில் எஞ்சின், பிரேக், ஸ்டீயரிங், காற்றுப்பை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கணினிகள் உள்ளன. இவை ஒன்றோடொன்று கேன் என்னும் வலையமைப்பின் வழியாகத் தகவல் பரிமாறுகின்றன. இவ்வலையமைப்பைச் செருமனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986ஆம் ஆண்டு வெளியிட்டது.

ஒரே காரணத்துக்குப் பல விளக்குகள் எரிவது இவ்வமைப்பால்தான். மின்னழுத்தம் சரியும்போது எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் நின்றுவிடுவதில்லை. ஒன்று 9 வோல்ட்டில் செயலிழக்கும், மற்றொன்று இன்னும் சற்றுத் தாழ்ந்த அழுத்தம் வரை தாங்கும். முன்னதிடமிருந்து செய்தி வராததைக் கண்ட பின்னது, தொடர்பு அறுந்துவிட்டது என்று ஒரு பழுதுக் குறியீட்டைப் பதிந்துகொள்கிறது. பிரேக் கணினி பேசாமல் போனால் அதன் சக்கர வேகத் தகவலை நம்பியிருக்கும் ஸ்டீயரிங் கணினியும் தன் விளக்கை எரியவிடும். ஐந்து விளக்குகள் எரிந்தால் ஐந்து பழுதுகள் என்று கணக்கிடக் கூடாது.

விளக்குகளின் நிறம்

எச்சரிக்கைக் குறிகளின் வடிவங்களை ஐஎஸ்ஓ 2575 என்னும் பன்னாட்டுத் தரம் வகுத்துள்ளது. சிவப்பு உடனடி ஆபத்தையும், மஞ்சள் கவனிக்க வேண்டிய குறையையும், பச்சையும் நீலமும் ஓர் அமைப்பு இயங்குவதையும் காட்டுகின்றன.

சாவியைத் திருப்பியவுடன் ஏறத்தாழ எல்லா விளக்குகளும் சில நொடிகள் எரிந்து அணைவது இயல்பான சோதனையே. அச்சோதனையின்போது எரியாத விளக்குதான் ஐயத்துக்குரியது. பழுதை மறைப்பதற்காகக் காற்றுப்பை விளக்கின் இணைப்பையே துண்டித்துவிட்டு விற்கப்படும் பழைய தானுந்துகளும் உண்டு.

மறதியால் எரியும் விளக்குகள்

பேட்டரி மாற்றத்துக்குப் பின் மிகுதியாக எரிவது, சறுக்கும் தானுந்தின் வடிவிலான நிலைப்புக் கட்டுப்பாட்டு விளக்கு. இவ்வமைப்பு ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பிய கோணத்தையும் தானுந்து உண்மையில் திரும்பும் அளவையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தாதபோது தனித்தனிச் சக்கரங்களில் பிரேக்கைச் செலுத்துகிறது. இதற்கு ஸ்டீயரிங்கின் நேர்நிலை எது என்று தெரிந்திருக்க வேண்டும். பல மாதிரிகளில் மின்சாரம் துண்டிக்கப்பட்டவுடன் அந்த நேர்நிலை மறந்துபோகிறது. நேர்நிலை தெரியாமல் தவறான சக்கரத்தைப் பிடிப்பதைவிட ஒன்றும் செய்யாமலிருப்பது மேல் என்று அமைப்பு தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு விளக்கை எரியவிடுகிறது. வடிவமைத்தவர்களின் இம்முடிவு சரியானதே.

பெரும்பாலான தானுந்துகளில் எஞ்சினை இயக்கி, நின்ற நிலையில் ஸ்டீயரிங்கை இடக்கோடி வரையும் பின் வலக்கோடி வரையும் முழுமையாகத் திருப்பி, நேராக்கி, சில நூறு மீட்டர் நேர்ச்சாலையில் மெதுவாக ஓட்டினால் விளக்கு அணைந்துவிடும். சிலவற்றுக்கு ஸ்கேனர் கருவி கொண்டு அளவுதிருத்தம் செய்ய வேண்டும். விளக்கு எரியும் வரை வழக்கமான பிரேக் வேலை செய்யும், ஆனால் சறுக்கலைத் தடுக்கும் உதவி கிடைக்காது. ஏபிஎஸ் விளக்கும் உடன் எரிந்தால் திடீர்ப் பிரேக்கில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளலாம். மின்னுதவி ஸ்டீயரிங் விளக்கு எரிந்தால் ஸ்டீயரிங் வழக்கத்தைவிடக் கனமாக இருக்கக்கூடும். ஆகவே இச்சிறு பயிற்சியை நெரிசலான சாலையில் அல்லாமல் வெற்றிடத்தில் செய்வது நல்லது.

டயர் அழுத்த விளக்கு எரிந்தால் முதலில் காற்றை அளந்து சரிசெய்துவிட்டு, அதன் பின்னரே மீளமைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். காற்றுக் குறைந்த நிலையில் மீளமைத்தால் அந்தக் குறைந்த அளவையே சரியானது என்று அமைப்பு கற்றுக்கொள்ளும்.

விளக்கு எரியாமலேயே தெரியும் மறதிகளும் உள்ளன. மின்னணுத் திராட்டில் கொண்ட எஞ்சின்கள், காலப்போக்கில் படியும் கரிக்கேற்பத் தாம் கற்றுவைத்த வெற்றோட்ட அளவுகளை இழப்பதால், சிக்னலில் நிற்கும்போது வேகம் ஏறி இறங்குவதும் சில வேளை அணைந்துபோவதும் உண்டு. குளிர்சாதனத்தை நிறுத்திச் சில நிமிடங்களும், இயக்கிச் சில நிமிடங்களும் எஞ்சினை ஓடவிட்டால் பெரும்பாலும் சீராகும். ஒரே தொடுகையில் ஏறும் சன்னல்கள், வானொலியின் கடவுக்குறி, கடிகாரம் ஆகியவற்றைக் கையேட்டின்படி மீட்டுக்கொள்ளலாம்.

பழைய பேட்டரி விட்டுச்சென்ற குறியீடுகள்

எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு புதிய பேட்டரிக்குப் பின் எரிந்தாலும், அதற்கான குறியீடு பழைய பேட்டரியின் இறுதி நாட்களிலேயே பதிந்திருக்கலாம். வலுவிழந்த பேட்டரியுடன் ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்னழுத்தம் பெரிதும் சரிகிறது. பி0562 என்னும் குறியீடு இவ்வாறான தாழ் மின்னழுத்தத்தைக் குறிப்பதாகும். ஓபிடி-2 முறையில், பழுது மீண்டும் தென்படாவிட்டால் மூன்று தொடர் ஓட்டச் சுழற்சிகளுக்குப் பின் விளக்கு பொதுவாக அணைகிறது. குறியீடோ 40 வெப்பமேறும் சுழற்சிகள் வரை நினைவில் தங்குகிறது. எனவே ஓரிரு நாட்கள் பொறுப்பதில் தவறில்லை, விளக்கு விட்டுவிட்டு மின்னாதவரை. மின்னும் எஞ்சின் விளக்கு எரிபொருள் சரியாக எரியாமல் புகைபோக்கியிலுள்ள வினையூக்கி மாற்றி சேதமடைவதைக் குறிக்கும். அதற்குப் பேட்டரி மாற்றம் சமாதானம் ஆகாது.

புறக்கணிக்கக் கூடாதவை

பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கு, பெயருக்கு மாறாக, பேட்டரியைப் பற்றியதன்று. மின்னேற்றம் நடைபெறவில்லை என்பதைக் காட்டுவதாகும். புதிய பேட்டரி பொருத்தியும் இது எரிந்தால், பழைய பேட்டரி குற்றமற்றதாக இருந்திருக்கலாம். ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ முன்பே பழுதடைந்து, பாவம் பேட்டரி பழியேற்றிருக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். 13.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பொதுவாக மின்னேற்றம் நடக்கிறது. 12.4 என்று காட்டிச் சிறிது சிறிதாக இறங்கினால் புதிய பேட்டரியும் வழியில் வெறுமையாகி, தானுந்து நடுச்சாலையில் நிற்கும். முனைப் பிடிப்பு தளர்ந்திருப்பதும் இதே விளைவைத் தரும். கையால் அசைத்தால் அசையக் கூடாது.

நேர், எதிர் முனைகளை மாற்றி இணைத்தால் முதன்மை ஃபியூஸ் உருகும், ஆல்டர்னேட்டரின் டையோடுகளும் கருகலாம். சப்பானியத் தரத்தில் 38பி20எல், 38பி20ஆர் போன்ற பெயர்களின் கடைசி எழுத்து முனைகள் அமைந்துள்ள பக்கத்தைக் குறிக்கிறது. இரண்டும் அளவில் ஒன்றே; முனைகள் மட்டும் இடம் மாறியிருக்கும். கடையில் அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவந்தால் தவறு நேர வாய்ப்பு மிகுதி.

காற்றுப்பை விளக்கு பல மாதிரிகளில் தானாக அணைவதில்லை. இருக்கைக்குக் கீழே பேட்டரி அமைந்துள்ள தானுந்துகளில், இருக்கையின் இணைப்பிகளைக் கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பினாலே பழுது பதிவாகிவிடும். இவ்விளக்கு எரியும்போது மோதலில் காற்றுப்பை விரியாமல் போகலாம் என்பதால் தாமதியாமல் ஸ்கேனர் உள்ள பணிமனைக்குச் செல்ல வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பின்னும் காற்றுப்பைக் கணினியின் மின்தேக்கியில் சிறிது நேரம் ஆற்றல் தங்கியிருக்கும். ஆகவே அதன் கம்பிகளை வீட்டில் தொடுவது கூடாது.

எண்ணெய் அழுத்த விளக்குக்கும் பேட்டரி மாற்றத்துக்கும் தொடர்பில்லை. ஓடும் எஞ்சினில் அது எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

பேட்டரியைக் கழற்றி விளக்கை அணைத்தல்

எதிர்முனையைச் சிறிது நேரம் கழற்றிவைத்து எஞ்சின் விளக்கை அணைப்பது நெடுங்காலமாகக் கையாளப்படும் உத்தியாகும். வழுவைத் திருத்தாமல் பதிவுக்கோப்பை மட்டும் அழித்துவிடும் நிரலரின் செயலுக்கு இது நிகரானது. விளக்கு சில நாட்களில் மீண்டும் எரியும். இடைப்பட்ட காலத்தில் பழுதைக் கண்டறிய உதவியிருக்கும் குறியீடுகளும் போய்விட்டிருக்கும்.

இதனை எதிர்பார்த்தே ஓபிடி-2 முறையில், குறியீடுகளோடு தயார்நிலைக் குறிப்புகளும் அழியுமாறு வடிவமைத்துள்ளனர். புகை தொடர்பான ஒவ்வோர் உறுப்பும் சோதிக்கப்பட்டுவிட்டதா என்பதை இக்குறிப்புகள் சொல்கின்றன. அவை மீண்டும் நிறைவுபெறப் பலவகைச் சாலைகளில் சில நாட்கள் ஓட்ட வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை 1996ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து கட்டாயமானது. அங்குப் புகைச் சோதனைக்கு நேற்று பேட்டரி மாற்றிவிட்டு இன்று சென்றால், பழுதே இல்லாத தானுந்தும் திருப்பியனுப்பப்படலாம். 2010ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் படிப்படியாக, பேட்டரியைக் கழற்றினாலும் அழியாத நிலைக்குறியீடுகளும் அங்குச் சேர்க்கப்பட்டன. இந்தியாவில் ஓபிடி-2 ஏப்ரல் 2013 முதல் நடைமுறைக்கு வந்தது.

பழைய தானுந்து வாங்குவோர்க்கு இது பயன்தரும் செய்தி. விலை குறைந்த ஸ்கேனரே தயார்நிலைக் குறிப்புகளைக் காட்டும். முகப்புப் பலகையில் ஒரு விளக்கும் எரியாமல், குறிப்புகள் யாவும் நிறைவுறாதவை என்று வந்தால், அண்மையில்தான் யாரோ நினைவகத்தை அழித்திருக்கிறார்கள். புதிய பேட்டரி போட்டதாக விற்பவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். சில நாட்கள் ஓட்டிவிட்டு மீண்டும் பார்க்கலாம் என்று கேட்பதே முறை.

மாற்றும் முறை

சாவியை எடுத்தபின் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். எஞ்சின் நின்ற பின்னும் சில கணினிகள் தகவல்களைச் சேமித்துக்கொண்டிருக்கும். எதிர்முனையை முதலில் கழற்றி, இறுதியில் இணைக்க வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றினால் ஸ்பேனர் தவறி உலோக உடலைத் தொட்டதும் குறுக்குச்சுற்று ஏற்படும்.

நின்றவுடன் எஞ்சினை அணைக்கும் வசதியுள்ள தானுந்துகளில் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகைப் பேட்டரிகளே பொருத்தப்படுகின்றன. அவற்றில் சாதாரணப் பேட்டரியைப் போட்டால் சில மாதங்களிலேயே பழுதாகலாம். பிஎம்டபிள்யூ போன்ற சில தயாரிப்புகளில் புதிய பேட்டரியைக் கணினியில் பதிவுசெய்யவும் வேண்டும். இல்லையேல் பழைய, தேய்ந்த பேட்டரிக்கு உரிய முறையிலேயே மின்னேற்றம் தொடரும்.

கலப்பினத் தானுந்துகளில் உயரழுத்த பேட்டரியோடு ஒரு சிறிய 12 வோல்ட்டு பேட்டரியும் உண்டு. டொயோட்டா பிரியசின் பல மாதிரிகளில் இது பின்பக்கம் பொருட்கள் வைக்கும் இடத்தில் உள்ளது. கணினிகளை இயக்குவது இச்சிறியதே. இது வலுவிழந்தால் பெரிய பேட்டரி நன்றாயிருந்தும் தானுந்து கிளம்பாது, விளக்குகளும் மொத்தமாக எரியும். சப்பானியக் கலப்பினத் தானுந்துகள் நிறைந்த இலங்கையில், பல இலட்சம் ரூபாய் பெறும் உயரழுத்த பேட்டரியை மாற்ற ஒப்புக்கொள்ளுமுன், சிறிய பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்து பார்க்குமாறு கேட்க வேண்டும்.